கடைசி விமானம் போன பிறகு

படகில் கடந்து வர வேண்டிய பாம்பூஃப்ளாட் வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கள் தீவின் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துபஸ்தியில் ஒரு மாடி அறை எடுத்தது என் மனைவியின் யோசனை. சென்னையில் யாரோ ஒருவருடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தினால் ஃபோன் வரும். சில மணி நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். நீங்கள் ஃபெர்ரிக்குக் காத்து நிற்கலாம், சிறுநீரகம் உங்களுக்காகக் காத்து நிற்காது என்றாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் எனக்கு வேறு வேலையில்லை. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, ஏறும் விமானம், இறங்கும் விமானம், மேகம், மறுபடி விமானம்.

யாராவது சாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் டிவியில் மெயின்லாண்ட் விபத்துச் செய்தி ஓடும்போது எழுந்து போனதுமில்லை. ரத்த வகையை மட்டும் அவர்கள் சொல்வதே இல்லை.

பிற்பகலில் கடைசி விமானம் ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைத்துவிட்டுப் போகும். அதன் பிறகு மறுநாள் காலைவரை யார் இறந்தாலும் எனக்குப் பயனில்லை. ஃபோனை அலமாரியில் வைப்பேன். டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரில் காலையிலிருந்து மிச்சம் பிடித்த அரை டம்ளரைக் குடிப்பேன். துணி எடுக்க மாடிக்கு வரும் கீழ்வீட்டு வங்காளிப் பெண், "ஆஜ் பி நஹீ ஆயா, பையா?" என்று இந்தியில் கேட்பாள். இன்றும் வரவில்லை என்று தலையாட்டுவேன். அவள் உச்சுக்கொட்டுவாள். எனக்கோ பரீட்சை தள்ளிப்போனது போல ஒரு நிம்மதி. அதை மனைவியிடம் சொன்னதில்லை.

அப்படி அலமாரியில் வைத்த ஒரு பிற்பகலில் ஃபோன் அடித்தது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். பொருந்தும் போலிருக்கிறது, ராத்திரிக்குள் வந்துவிட முடியுமா என்றாள். ஃப்ளைட் போய்விட்டது, இனி காலையில்தான் என்றேன்.

"அப்ப அடுத்தவங்களக் கூப்பிட்டுடறேன் சார்."

நன்றி என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

மனைவி அழவில்லை. "நாளைக்கு மொத ஃப்ளைட்ல கெளம்புறோம். இனிமே அங்கயே இருந்து காத்துக் கெடப்போம்."

"அங்க போயி நான் என்ன பண்றது?"

"இங்க பண்றதத்தான். கூப்பிட்டா ஆட்டோல போயிரலாம்."

சென்னையில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா என்று அவள் ஒவ்வொரு இடமாக விசாரிக்கத் தொடங்கினாள். நான் அந்த அடுத்தவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருப்பார். அவருக்குப் பொருந்தக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பொருந்தட்டும் என்று நினைப்பதற்குத்தான் அந்தச் சாயங்காலம் முழுவதும் பிடித்தது.