மகள் வாசிக்கையில் எழுந்து போனது

பாம்பன் கடற்கரைக்குச் சினிமா எடுக்க வந்தார்கள். ஊர் ஊராகப் போயும் தேறாத ஒரு இளவட்ட ராக் குழுவைப் பற்றிய சிரிப்புப் படமாம். கிடார் வாசிக்க வேண்டிய நடிகை வரவில்லை. மாதா கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கும் என் மகளைக் கேட்டார்கள். இந்தக் காட்சி சரியாக அமைந்தால் படம் முழுக்க அவளையே வைத்துக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

குழு வாசிக்கும்போது கூட்டம் சலித்து எழுந்து போக வேண்டும். கூட்டம் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள்தான். உதவி டைரக்டர் முன்வரிசைக்கு வந்து, "அண்ணே, நான் கையைக் காட்டினதும் முதல்ல நீங்க எந்திரிங்க, மத்தவங்க பின்னாடியே வருவாங்க" என்றார். அவள் என் மகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

"மச்சான், பெத்த பிள்ள வாசிக்கையில எந்திரிச்சுப் போற அப்பன் நீங்கதான்" என்று பக்கத்தில் இருந்த மைத்துனன் இடித்தான்.

அவள் வாசித்தாள். கை காட்டினார்கள். எழுந்தேன். எங்கள் ஊர்த் திருவிழாக் கச்சேரியில் ஒருவர் நடுவில் எழுந்தால், வாசிப்பவருக்குத் துண்டு போர்த்தத்தான் எழுவார். என் கால்களுக்கும் அந்த வழிதான் தெரிந்திருந்தது. மேடையேறி, தோளில் கிடந்த துண்டை அவளுக்குப் போர்த்தினேன். கூட்டம் விசில் அடித்தது. "கட்! கட்!" என்று கத்தினார்கள்.

"அய்யா, என்ன பண்றீக? அங்கன போகச் சொன்னா இங்கன வாரீக!" என்றாள் மகள்.

"நல்லா வாசிச்சே ஆத்தா."

"நல்லா இருக்கக் கூடாதுய்யா!" அவள் கண் கலங்கிவிட்டது.

பொழுது இறங்குகிறது, இன்னும் ஒரு தடவைதான் என்றார் டைரக்டர்.

இந்த முறை முதுகைக் காட்டி நடந்தேன். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. நடுவில் பாட்டு எங்கேயோ தடுமாறியது. அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களா, நான் போவதைப் பார்த்துத் தவறிவிட்டாளா? திரும்பினால் காட்சி கெட்டுவிடும். மணலைப் பார்த்தே நடந்தேன்.

"ஓகே!" என்றார்கள். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னையவே வச்சுக்கிறாங்களாம்! நீங்க வெறுத்துப் போன மாதிரி போனதுதான் பிரமாதமாம்யா."

நான் எதையும் வெறுக்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று விளங்காமல், "நடுவுல தப்புனியே, அது அவங்க சொன்னதா ஆத்தா?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"எங்கன தப்புச்சு?" என்றாள்.