தண்ணீர் வற்றாத சுருட்டுப் பெட்டி

ராசிபுரத்தில் எங்கள் அப்பா நெய் வியாபாரி. விற்க வருகிற நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்காமல் வாங்கவே மாட்டார். நானும் அப்படியே வளர்ந்துவிட்டேன். முனி அடித்தது, மோகினி பிடித்தது என்று யார் வந்து சொன்னாலும், "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்களும் அதையே கேட்டால் எனக்குக் கோபம் வராது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து என்னை மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் இல்லாத வீடு. மாமனார், என் வீட்டுக்காரர், நான், அவ்வளவுதான். மாமனார் தோட்டத்தோடு பருத்தி வியாபாரமும் பார்த்தவர். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார மில் மேனேஜரோடு அவருக்குப் பழக்கம். அந்த ஆள் சீமைக்குத் திரும்பும்போது தன் சுருட்டுப் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளியே கறுத்த மரம், உள்ளே தேவதாருப் பலகை, திறந்தால் கோயில் மாதிரி ஒரு வாசனை.

சுருட்டை வாங்கியவுடன் பற்றவைக்கிற ஆள் இல்லை மாமனார். திருச்சியிலிருந்து நல்ல சுருட்டாக வரவழைத்து அந்தப் பெட்டியில் அடுக்கி வருஷக்கணக்கில் பழசாக விடுவார், அவ்வப்போது திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டி வைப்பார், பெட்டியின் மூலையில் ஓட்டை போட்ட மூடியோடு ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் உண்டு, அதில் பஞ்சை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். ஈரம் குறைந்தால் சுருட்டு சருகாகிவிடும், கூடினால் பூஞ்சை பிடித்துவிடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கிண்ணம் இரண்டு மூன்று நாளில் வறண்டுபோகும். பச்சைப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரிதான் அதைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் முற்றி, சேலத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் நிழல் தெரிகிறது, இனிப் புகை பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பனுக்குத் தெரியாமல் தோட்டத்தில் சுருட்டு பிடித்துப் பழகியவர் இவர். பெட்டியை எறியவும் மனசில்லை. முன்னறைச் சுவர் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும் புள்ள. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

சாவியை என் தாலிக்கொடியிலேயே கோத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவள் எழுந்தபோது முன்னறையில் சுருட்டுப் புகை வாசனை. பழைய வாசனை இல்லை, இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு எழுந்துபோன மாதிரி. உயிரே போனாலும் இந்த மனுஷன் விடமாட்டாரா என்று நினைத்துக்கொண்டு, அவர் தோட்டத்திலிருந்து வந்ததும் சட்டையை வாங்குகிற சாக்கில் முகர்ந்து பார்த்தேன். வேர்வைதான் அடித்தது. ஆனால் அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வந்துட்டுப் போனா?"

"யாரும் வரலீங்களே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எவனோ ஒரு ஆம்பளை வந்துபோனதாக நினைக்கிறார்.

அதன்பிறகு அந்த வீட்டில் நாங்கள் குடித்தனம் நடத்தவில்லை, ஒருவரை ஒருவர் காவல் காத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். வேளை கெட்ட வேளையில் திரும்பி வருவார், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து வருவார். நானோ அவர் குளிக்கப் போனதும் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்ப்பேன், இன்னொரு சாவி இருக்கிறதா என்று. வாசனை மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் ஒருநாள் அவர் முன்னாலேயே அலமாரியைத் திறந்தேன். சுருட்டுகள் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று இருந்தன. எடுத்து அழுத்தினால் மெத்தென்று இருந்தது. தையில் மாமனார் போனதிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, சருகாகி நொறுங்கியிருக்க வேண்டும். கிண்ணத்தைத் தொட்டேன். பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது.

"சாவி உங்கழுத்துல கெடக்குது. தண்ணி யாரு ஊத்துனா?" என்றார். "எவனுக்காகப் பக்குவம் பண்ணி வெச்சிருக்கற?"

"நீங்க கள்ளச்சாவி போட்டுத் தொறந்து பிடிக்கறீங்க. பிடிச்சுப்போட்டு எம்மேல பழி போடறீங்க."

"திருச்செங்கோட்டு அறுபதாம்படியில வந்து சத்தியம் பண்ணுவியா?"

"பண்றேன். நீங்களும் பண்ணோணும்."

எங்கள் பக்கத்தில் அந்த மலைக்கோயில் படியில் நின்று பொய்ச்சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. மறுநாள் கிளம்பும் முன் அவரே கிண்ணத்தைக் கவிழ்த்து, பஞ்சைப் பிழிந்து வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து உள்ளே வைத்தார். என் பூட்டுக்கு மேல் தன் பூட்டு ஒன்றையும் போட்டார். பஸ்ஸில் போனோம். படியில் கற்பூரம் ஏற்றினோம். எந்த ஆம்பளையும் வீட்டுக்கு வரவில்லை, அந்தப் பெட்டியில் நான் தண்ணீர் ஊற்றவில்லை, சுருட்டை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று சொல்லி நான் கற்பூரத்தை அணைத்தேன். கள்ளச்சாவி போடவில்லை, சுருட்டு பிடிக்கவில்லை என்று அவரும் அணைத்தார். இறங்கும்போது அவருக்கு இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். "என்ர புத்தி கெட்டுப்போச்சு புள்ள" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது.

பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட்டோம். இரண்டு பூட்டும் போட்டது போட்டபடி இருந்தன. சேர்ந்தே திறந்தோம். கிண்ணத்தில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. அலமாரியிலிருந்து குப்பென்று புகை வாசனை எங்கள் இருவர் மூக்கிலும் ஏறியது.

பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி, அதை மறைக்கமாட்டேன். அவர் இல்லை. நானும் இல்லை. "எங்கய்யன்தான் புள்ள" என்று அவர் கும்பிட்டார். ஆசைப்பட்டுச் சேர்த்து வைத்ததைப் பிடிக்காமல் போனவர், அவருக்கே கொடுத்துவிடலாம் என்று பெட்டியைப் பின்வாசலுக்குத் தூக்கிப்போய், சுள்ளியைப் பற்றவைத்துச் சுருட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டோம்.

அடிவரிசைக்கு வந்தபோது அவர் கை நின்றது. பாதி பிடித்து அணைத்த சுருட்டு ஒன்று. சாம்பல் இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் வைக்கிற நுனியில் பல் பதிந்திருந்தது. மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பல்கூடக் கிடையாது, உதட்டால் கவ்வித்தான் பிடிப்பார். இதிலோ இரண்டு முன்பல்லும் ஆழமாகப் பதிந்து, நடுவே ஒரு நெல் கிடக்கிற அளவு இடம் விட்டிருந்தது.

எனக்கு மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே அவ்வளவு சந்து உண்டு. பெண் பார்க்க வந்தபோதே அதைச் சொல்லிக் கேலி செய்தவர் அவர்.

சுருட்டைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். பிறகு அதையும் நெருப்பில் போட்டார்.

அன்றோடு வாசனை நின்றுபோயிற்று. அவர் இருமல்கூட மெல்ல மெல்லக் குறைந்து, அதன்பின் நெடுங்காலம் என்னோடு நன்றாகவே வாழ்ந்தார். நான் சுருட்டைக் கையால் எடுத்து அழுத்திப் பார்த்ததோடு சரி, வாயில் வைத்தவள் இல்லை. அவரிடம் அதைச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அப்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மத்தியானத்தில் என்னை அவர் வீட்டில் தனியாகத் தூங்கவிட்டதே இல்லை.