பின்னட்டையில் இமெல்டா

2006 ஏப்ரலில் ஒரு பிற்பகல். வெள்ளவத்தையில் பல் டொக்டர் ஒருவரிடம் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலையிலிருந்தாள் இமெல்டா. கீழே சீடி கடை வைத்திருந்த றவூப் மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

"அக்கா, லண்டன்ல இருந்து வந்திருக்கு. இது நீங்கதானே?"

அவன் நீட்டிய சீடியின் அட்டையில் கிளறன்ஸ். பக்கத்தில் பேஸ் கிற்றாரும் கையுமாக, இருபத்திரண்டு வயதில், அவள். கொட்டாஞ்சேனையில் இருவரும் சேர்ந்து போஸ்ட்-பங்க் றொக் பாண்ட் நடத்திய காலத்துப் படம் அது. 1982இல் முந்நூறு இசைத்தட்டு அடித்தார்கள். ரேடியோவும் போடவில்லை, கேட்ட நாலு பேரும் கல்யாண வீட்டுக்கு ஆகாத இரைச்சல் என்றார்கள். அதையா மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள்!

சிரித்தபடியே பின்பக்கம் திருப்பினாள். 'இமெல்டா, 1983 ஜூலைக் கலவரத்தில் குடும்பத்தோடு எரித்துக் கொல்லப்பட்டாள். இது அவள் நினைவுக்கு' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

நோயாளிகள் உட்காரும் வாங்கிலேயே இருந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். யாரோ நம்பர் கேட்டார்கள். நம்பர் அட்டைக் கட்டை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

றவூப்தான் சீடிக் கம்பனிக்குப் போன் அடித்துக் கிளறன்ஸின் நம்பரை வாங்கிக் கொடுத்தான். மறுநாள் காசுக்குப் போன் பேசும் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் அவனுக்கு எடுத்தாள்.

"கிளறன்ஸ், நான் இமெல்டா."

"ஆர் நீங்கள்? செத்தவளின்ர பேரில விளையாடாதேங்கோ." வைத்துவிட்டான்.

திரும்ப எடுத்தாள். "மூண்டாவது பாட்டில நான் பிழையா வாசிச்சனான். ஸ்டூடியோ நேரம் முடிஞ்சுதெண்டு நீ அப்பிடியே விடச் சொன்னனி."

மறுமுனையில் கதிரை விழுந்த சத்தம். பிறகு அழுகை.

"வந்தனான், இமெல்டா. மூண்டாம் நாள் வந்தனான். வீடு கரிக்கட்டையாக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிறில் அய்யாட்ட கேட்டன். ஒருத்தரும் மிஞ்சேல்ல எண்டார்."

அந்த மூன்றாம் நாள், அம்மாவும் இமெல்டாவும், சிங்களவரான சிறில் அய்யா ஒளித்துவைத்து, அவருடைய கட்டிலுக்கடியில்தான் கிடந்தார்கள். கேற்றடியில் யாரோ கரகரத்த குரலில் அவர்களைப் பற்றிச் சிங்களத்தில் கேட்டதும், எல்லோரும் எரிந்துபோனார்கள் என்று அய்யா சத்தமாகச் சொன்னதும் அவள் காதில் விழுந்தன. அம்மா அவளுடைய வாயைப் பொத்தினாள். தமிழரை எரிக்கத் தேடி வந்த காடையன் ஒருவன் என்றே இருவரும் நினைத்தார்கள்.

"கேட்டது நீயா?"

"றோட்டில ஆக்கள் நிண்டவங்கள். பயத்தில சிங்களத்தில கேட்டனான். உள்ள வந்து பாத்திருக்கலாம். பாக்கேல்ல. அடுத்த கிழமையே லண்டனுக்குப் பிளேன் ஏறிட்டன்."

"நாங்கள் கப்பலில யாழ்ப்பாணம் போனனாங்கள். உன்ர கடிதம் வருமெண்டு எவ்வளவு நாள் பாத்தனான்!"

"வருசா வருசம் ஜூலையில உன்ர ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறனான்..."

அவள் றிசீவரை வைத்துவிட்டு, காசு கொடுக்கவும் மறந்து, காலி வீதிக்கு இறங்கி நடந்தாள். தெரிந்தவர்கள் கூப்பிட்டதும் கேட்கவில்லை. இருபத்துமூன்று வருடம் ஒருவனுடைய மனதில் தான் எரிந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்பதை நம்பவே முடியவில்லை. அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. அன்றிரவு முழுக்க அழுகையும் வந்தது.

அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கிளறன்ஸ் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். எடுத்தவுடன் கதைக்க அவனால் முடிவதில்லை. பல் டொக்டரின் டிஸ்பென்சரியில் நடந்தது, ஆமி செக்கிங்கில் பஸ்ஸை மறித்தது என்று இமெல்டாதான் தொடங்குவாள். அவள் உயிரோடு பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டபிறகுதான் அவனுக்குக் குரல் வரும்.