‘இதோவந்துட்டே’னின் மறு கன்னம்

அந்தத் தெருவில் சலூன்காரரின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ‘இதோவந்துட்டேன்’ என்றால்தான் தெரியும். ஒரு கன்னத்தை மழித்து முடிப்பார், வயிறு கடமுடவென்று உருளும், “இதோ வந்துட்டேன்!” என்று கத்தியை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடுவார். உட்கார்ந்திருப்பவர் மறு கன்னத்தில் நுரை காயக் காத்திருக்க வேண்டும். வருடக்கணக்காக இதே கூத்து. ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவ, கடைசியில் மச்சினன் ஒருவன்தான் மிஞ்சினான். அதுவும் ஓசிக்கு.

“இந்த மாசத்தோட கடையை மூடிடறேன்” என்று மனைவியிடம் சொன்னார். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

“மூடறது அப்புறம் இருக்கட்டும், கிளம்புங்க” என்றாள் அவள். தீராத வயிற்றுப்போக்கைப் பற்றி ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. பிறகு படுக்கையில் சேர்த்து, தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று பட்டினி போட்டார்கள். சாப்பாடுதான் காரணமென்றால் பட்டினியில் போக்கு நிற்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் குடலே நீரைச் சுரக்கிறது, பெரிய வியாதியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வயிற்றை அழுத்திப் பார்க்கக் குனிந்த டாக்டரம்மா ஏதோ வாசனையை முகர்ந்தார்.

“வாயில என்ன?”

“புதினா மிட்டாய், டாக்டர். சர்க்கரையே இல்லாதது. கஸ்டமர் மூஞ்சிக்கிட்ட நிக்கற பொழப்பு, வாய் நாறலாமா? காலைல ஒண்ணு போட்டா ராத்திரிவரைக்கும் மாத்தி மாத்தி ஓடும்.”

“தண்ணியத் தவிர எதுவும் கூடாதுன்னு சொன்னேனே!”

“மிட்டாயெல்லாம் ஒரு சாப்பாடா, டாக்டர்?”

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மிட்டாயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பைக் குடல் முழுசாக உறிஞ்சாது. அளவு மீறினால் அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி பட்டினி போட்டார்கள். போக்கு நின்றது. சாப்பாடு கொடுத்த பிறகும் திரும்பவில்லை.

கடையை மீண்டும் திறந்த அன்று மச்சினன் வந்து உட்கார்ந்தான். இடக்கன்னம் முடிந்தது. அவன் பழக்கதோஷத்தில் பேப்பரை எடுத்து விரித்தான்.

“எதுக்குடா மாப்ள பேப்பரு?”

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்க போகலையா, மச்சான்?”

“போகல. மூஞ்சியத் திருப்பு.”

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. தோளில் துடைத்துக்கொண்டு, நுரை காயுமுன் வலக்கன்னத்தில் கத்தியை வைத்தார்.