சந்தாவை உயர்த்தச் சொன்னவள்

எங்கள் எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டுச் சந்தாவை உயர்த்த வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான். பிறகு அதே யோசனையைத் தோற்கடிக்கக் கடிதம் எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு அலைந்தவளும் நான்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு பல் மருத்துவர் வந்தாள்.

சங்கம் கூடுவது மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில், மளிகைக்கடை ஒன்றின் மேல்மாடியில். ஒன்பது வருடங்களாக நான் அதன் செயலாளர். பகலில் ஈப்போவில் ஒரு கிளினிக் கவுண்டரில் நோயாளிகளின் பெயரைப் பதிந்துகொண்டிருப்பேன். வார இறுதிகளில் சிறுகதை எழுதுவேன். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. அதில் பாதிப் பிரதிகள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

நான் சேர்ந்த நாளிலிருந்து சந்தா இருபது ரிங்கிட், எங்கள் பேச்சில் இருபது வெள்ளிதான். மாடி வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. வருடத்துக்கு இரண்டு என்றிருந்த எழுத்துப் பட்டறை ஒன்றானது, பிறகு அதுவும் நின்றது. ஒரு பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, அறுபது வெள்ளியாக்கினால் பட்டறையை மறுபடியும் நடத்தலாமே என்றேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேடிக்கையாகப் பேசக்கூடியவர்.

"தங்கச்சி, இருபது வெள்ளி வாங்கவே நான் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்கிறேன். அறுபதுன்னா நாய அவுத்து விட்ருவாங்க லா!"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கூட்டக் குறிப்பில், "சந்தாவை உயர்த்தலாம் என ஓர் உறுப்பினர் கருத்துரைத்தார். விவாதிக்கப்படவில்லை" என்று எழுதி வைத்தேன். என் பெயரை நானே எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருடம் அந்தப் பல் மருத்துவர் உறுப்பினராகச் சேர்ந்தாள். கடலோர ஊரான லூமுட்டில் சொந்தமாகப் பல் மருத்துவமனை வைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். அவள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்தது. என் குடும்பம் அதே மூன்று தலைமுறையும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியது. இதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்தேன். நான் கவுண்டரில் உட்காருபவள், அவள் உள்ளே டாக்டர் நாற்காலியில் உட்காருபவள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் நன்றாக எழுதினாள். அவளுடைய முதல் தொகுப்பை நான் குறை கண்டுபிடிக்கவென்றே வாங்கினேன். நான்காவது கதையில், மீன் வாங்க வந்த ஒரு பெண் பங்கோர் படகுத்துறையில் மீன் விற்கும் தன் முன்னாள் கணவனைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் பேசாமல் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் பத்து வருட எழுத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்தாள். வாடகையைச் சொன்னாள், நின்றுபோன பட்டறையைச் சொன்னாள், சந்தாவை அறுபது வெள்ளியாக்க வேண்டும் என்றாள். நான் சொன்ன அதே தொகை. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டாக்டர் சொல்றது நியாயம். இத நாம எப்பவோ யோசிச்சிருக்கணும்" என்றார். கை தட்டினார்கள்.

நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். என்ன பேசப் போகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

"டாக்டருக்கு அறுபது வெள்ளி ஒண்ணுமில்ல. தோட்டத்துல இருந்து வர்றவங்கள நினைச்சீங்களா?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கையால் காட்டினேன். பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை பார்ப்பவள், கவிதை எழுதுபவள். "இவங்க ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. இந்த மாதிரி ஏழைங்க எங்க போவாங்க?"

தலைவர் திணறிப்போய், சிறப்புக் கூட்டம் ஒன்று கூட்டி முடிவு செய்யலாம் என்று தள்ளி வைத்தார். பல் மருத்துவரின் முகம் சிவந்துவிட்டது. அன்று தேநீரோடு வைத்திருந்த கறிப்பாப் பலகாரத்தில் நான் இரண்டு சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது. பின்வரிசைப் பெண் தேநீருக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிறப்புக் கூட்டத்துக்கு முன் ஒரு கடிதம் தயாரித்தேன். "ஏழை உறுப்பினர்களாகிய நாங்கள் சந்தா உயர்வை எதிர்க்கிறோம்" என்று தொடங்கும். முதல் கையெழுத்து அந்தப் பெண்ணுடையதாக இருந்தால் எடுபடும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய காரில் பாகான் டத்தோவுக்குக் கிளம்பினேன். வழி நெடுக அவள் நன்றி சொல்வதுபோலவே கற்பனை செய்துகொண்டு போனேன்.

நல்ல கல்வீடு. வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவள் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கடிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பேனா கேட்டாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நினைத்து என் பேனாவைக் கொடுத்தேன். அவள் 'ஏழை' என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவைத் திருப்பித் தந்தாள்.

"அக்கா, என்னால குடுக்க முடியாதுன்னு நான் உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அத்தனை பேரு முன்னால என்னைய கை காட்டி ஏழைன்னு சொன்னீங்க. பஸ்ஸுல வர்றப்ப அழுதுகிட்டே வந்தேன். என் மகன் படிக்கிறான், வீட்டுக்காரரு லோரி ஓட்டறாரு. நல்லாதான் இருக்கோம். பட்டறை இந்தப் பக்கம் நடந்தா இன்னும் நாலு பொம்பளைங்க எழுத வருவாங்க. நான் கேட்டது அதுதான்."

"யாருகிட்ட கேட்டீங்க?"

"டாக்டர்கிட்ட. கூட்டத்துக்கு முன்னாடியே அவங்க எனக்குப் போன் பண்ணாங்க. அறுபது வெள்ளி கஷ்டமா இருக்குமா, உண்மைய சொல்லுங்கன்னு கேட்டாங்க. நீங்க கேக்கலயே, அக்கா."

மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்று தலையாட்டினாள், ஆனால் முகம் மாறவில்லை. திரும்பி வரும்போது எனக்கு வந்தது வெட்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு முன்கூட்டியே போன் செய்யத் தோன்றியது எனக்கல்ல, அந்த டாக்டருக்கு என்பதுதான் வெட்கத்தைவிட அதிகமாக எரிந்தது. எழுத்தில் முந்தினாள், கூட்டத்தில் முந்தினாள், இதிலுமா?

இரண்டு நாள் கழித்து, கிளினிக்கில் மதிய ஓய்வு நேரத்தில், அந்தப் பல் டாக்டரே என்னைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, ஒரு உதவி. பழைய மினிட்ஸ்ல, சந்தாவ உயர்த்தலாம்னு ஓர் உறுப்பினர் சொன்னதா எழுதியிருக்கீங்க. நான் அத படிச்சிட்டுத்தான் அன்னிக்குப் பேசினேன். அது யாருன்னு தெரியுமா? சிறப்புக் கூட்டத்துல அவங்கள பேசச் சொல்லலாம்னு பாக்குறேன். நான் சொன்னா டாக்டருக்கு என்ன தெரியும்னு ஆயிடுது."

தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நான்தான்" என்றேன்.



"அப்ப ஏன் அக்கா எதிர்த்தீங்க?"

"நீங்க சொன்னதுனாலதான்."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெல்ல, "எனக்கும் உங்க கதையில வர்ற பேச்சு மேல அப்படி ஒரு பொறாமை இருக்கு, அக்கா. எனக்கு அந்தப் பேச்சு வரமாட்டேங்குது" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால், சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

சிறப்புக் கூட்டத்தில் நான் எழுந்து, முதலில் பின்வரிசையைப் பார்த்து, போன கூட்டத்தில் நான் பேசியது தப்பு என்றேன். பிறகு தீர்மானத்தை முன்மொழிந்தேன். டாக்டர் வழிமொழிந்தாள். கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் மட்டும் கோபித்துக்கொண்டு விலகினார்கள். கைதட்டல் பொதுக்கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது. அதையும் நான் கவனித்தேன்.

இப்போது பாகான் டத்தோவில் பள்ளி விடுமுறை தோறும் பட்டறை நடக்கிறது. ஐந்து பெண்கள் புதிதாக எழுதுகிறார்கள். தோட்டத்துப் பெண் என்னிடம் மறுபடியும் பேசுகிறாள், முன்பு போல அல்லாமல் சற்று அளந்து. அது எனக்கு வேண்டியதுதான்.

இந்த வருடம் டாக்டரின் இரண்டாவது தொகுப்பு அச்சுக்குப் போவதற்கு முன், மெய்ப்புப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். முதல் தொகுப்பைவிட நன்றாக இருந்தது. மூன்று பிழைகள் கண்டேன். இரண்டை உடனே திருத்தி அனுப்பினேன். மூன்றாவது, இருப்பதிலேயே நல்ல கதையின் முதல் வரியில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை கவுண்டரில் ஒரு நோயாளியின் பெயரைத் தப்பாகப் பதிந்துவிட்டு, அவரைத் திட்டவும் செய்துவிட்டு, கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

"முதல் வரியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது."

உடனே பதில் வந்தது. "நல்லவேளை அக்கா, நாளைக்குத்தான் அச்சு."