படகுத்துறையில் தூக்கிய கை

வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைத் திரைதான் தொங்குகிறது. எங்கள் கம்பெனியில் அது கேன்டீன் சுவரில் ஆணியடித்த பெட்ஷீட். ஓரத்தில் சாம்பார்க் கறை. ஆனாலும் இது நிஜமாக நடந்தது. லேப்டாப்பில் படத்தை ஓட்டியவனே நான்தான்.

ஒரகடம் பக்கம், கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலை. லைனில் நிற்பவர்கள் நகர வேண்டுமென்றால், பாத்ரூம் அவசரமானாலும், கிளவுஸைக் கழற்றி வலது கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் இடத்தை விடலாம். போன வாரம் பூமாரி கையைத் தூக்கினாள். கடும் காய்ச்சல். மாற்று ஆளான சுகப்பிரியாவை வேறு லைனுக்கு அனுப்பியிருந்தார்கள். யாரும் வரவில்லை. தூக்கிய கையோடு சரிந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போனது.

‘ஹாஸ்டல் அறையில் மயங்கி விழுந்தார்’ என்று கம்பெனி அவள் அம்மாவிடம் சொன்னது. லைனில் விழுந்தாள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றோம். நைட் ஷிப்ட் மொத்தமும் வேலையை நிறுத்தியது.

பதிலுக்குக் கம்பெனி எங்களுக்குப் படம் போட்டது!

நைட் ஷிப்ட்காரர்களுக்குப் பகல்தான் ராத்திரி. காலை பத்து மணிக்கு ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்தோம். மனிதவள மேலாளர் நம்பிராஜன் முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்தார்.

“இது அமர காதல் காவியம். நாவலை மூன்று முறை படித்து அழுதவன் நான். நாயகி படகுத்துறையில் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருப்பாள். ஒரு முணுமுணுப்பு உண்டா? பொறுமை! அதைத்தான் நீங்கள் கற்க வேண்டும்.”

“பூமாரியும் காத்துக்கினுதான் சார் இருந்துச்சு,” என்றாள் படப்பை மெர்சி.

“அவங்க ரூம்லதான் விழுந்தாங்க. லைட்டை ஆஃப் பண்ணுங்க.”

கறுப்பு வெள்ளைப் படம். மைக்கைக் கீழே வைக்காமல் நடுநடுவே விளக்கவுரை வேறு. பதினொன்று இருபதுக்குப் படகுத்துறைக் காட்சி. நாயகி முதுகைக் காட்டி நிற்கிறாள். பாட்டு வர வேண்டும்.

வரவில்லை.

சர்ர்ர்... நாயகி வலது கையிலிருந்து எதையோ உரித்தாள். கையைத் தூக்கினாள். முழங்கை மடங்காமல்... நேராக.

படம் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கை இறங்கவில்லை. விரல்கள் நடுங்கத் தொடங்கின...

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். சுகப்பிரியா எழுந்திருந்தாள். கை தூக்கினால் ஓட வேண்டும். பழக்கம்.

“வாரேன்க்கா... இந்தா வந்துட்டேன்...”

“ஏய், சினிமாடி அது! குந்துடி!”

“விடு மெர்சி. அன்னைக்குத்தான் வரலியே.”

திரைக்கு அடியில் போய் நின்றாள்.

கை இறங்கியது.

நாயகி மெல்லத் திரும்பினாள்... முகம் தெரிவதற்குள் லேப்டாப் அணைந்தது.

இருட்டு.

மைக்கில் மட்டும் மூச்சு.

“கை... இறங்க மாட்டேங்குது...”

வீடியோவை ஓடவிட்டு செல்போன் வெளிச்சம் அடித்தோம். நம்பிராஜனின் வலது கை நட்டுவைத்த மாதிரி மேலே நின்றது.

“பூமாரி எங்க சார் வியுந்துச்சு?” மெர்சி.

“லைன்ல... லைன்லதான். நானே கேமராவுல பார்த்தேன். யாராவது வாங்களேன்... அவசரம்...”

யாரும் எழவில்லை.

சுகப்பிரியாவும்.

அந்தக் குரல் அத்தனை செல்போன்களிலும் பதிவாகியிருந்தது. சாயந்திரமே கம்பெனி அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தது.

மறுநாள் அதே படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். படகுத்துறையில் நாயகி இரண்டு கைகளாலும் ஒரு விளக்கை ஏந்தியிருக்கிறாள். பாட்டு முடியும்வரை. ஒரு கையைக்கூட எடுக்கவில்லை.

நம்பிராஜன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேன்டீன் அக்கா இரண்டு முறை கழுவினார்.