காவிக்கு அடியில் இருந்தது

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் பிழைக்கமாட்டார் என்றே நினைத்தேன். எனக்கு நயமாகப் பேச வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இராஜபாளையத்தில் இருவரும் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறோம். இவருக்குக் கால் பெருவிரல் வீங்கி வலித்தது. கூட வேலை பார்ப்பவர், தான் அதே வலிக்குத் தின்னும் மாத்திரையையே இவருக்கும் கொடுத்தார். இவரும் தினம் தின்றுவந்தார். சில வாரத்தில் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. கூடவே காய்ச்சல்.

கம்பெனி ப்ளீச்சிங் மருந்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு கருவாட்டை. ஆனால் நானும் அங்கேதான் நிற்கிறேன், அதே கருவாட்டைத்தான் தின்றேன். எனக்கு ஒன்றும் இல்லையே.

இவருடைய அக்காள் மம்சாபுரத்திலிருந்து வந்தார். பார்த்ததும் முடிவு சொல்லிவிட்டார்.

"அக்கி. ஊசி போட்டா உள்ள இறங்கிரும். பானை செய்யுறவரு வந்து காவி எழுதுனா அம்புட்டும் அமுங்கிரும்."

"அக்கி ஒரு பக்கந்தான மதினி வரும்? இது ரெண்டு பக்கமும் இருக்கே."

"ஆமா, பேண்டேஜ் சுத்துனா டாக்டராயிரலாமாக்கும்."

காவிமண்ணைக் குழைத்து உடம்பெல்லாம் எழுதினார்கள். தண்ணீர் படக்கூடாது, ஆஸ்பத்திரி கூடாது என்றார்கள். சிவந்த தோலின்மேல் சிவந்த மண். அடியில் ஆறுகிறதா, பரவுகிறதா? யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் தீரவே இல்லை. நாங்கள் போகும் ஜெபசபையில் சொன்னால், "சந்தேகம் பிசாசினுடையது, சகோதரி" என்றார்கள். எரிச்சல்தான் வந்தது.

முழங்கால் போட்டேன். சுகம் கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, அடியில் இருப்பதை எனக்குக் காட்டும்" என்று மட்டும் அழுதேன்.

காலையில் கஞ்சி கொடுத்தேன். "எரியுதுடி" என்று தள்ளிவிட்டார். வாய்க்குள் புண். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. ஈரத் துணியால் காவியைத் துடைத்தேன். காவியோடு தோலும் உரிந்து வந்தது. அடியெல்லாம் கொப்புளம்.

"ஏட்டி, அழிச்சிட்டியே. எந்தம்பி உசுருக்கு நீயா பொறுப்பு?"

"நாந்தான். ஆட்டோவக் கூப்புடுங்க மதினி."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" பையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "நேத்துவரைக்கும் இதையா குடுத்தீங்க?" என்றார். அந்த மாத்திரை இவர் உடம்புக்கு விஷமாகிவிட்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் கண்ணும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்றார். உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே வெகுநாள் கிடந்து பிழைத்தார். இன்றும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறோம். இருக்கட்டும். என்னைப் பார்க்கிறார், அது போதும். கர்த்தருக்கு நன்றி.

அன்றிலிருந்து அடுத்தவர் மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை.

"ஜெபம் போதாதென்றா டாக்டரிடம் ஓடினாய்?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். காட்டும் என்று கேட்டேன், காட்டினார். பார்த்த பிறகும் உட்கார்ந்திருந்தால் அது விசுவாசமா?

காரணம் தெரியாத தடிப்போடு காய்ச்சல் வந்தால், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால், கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்தால், முகம் வீங்கி மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள். தின்ற மாத்திரையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வழியெல்லாம் ஜெபியுங்கள். ஆட்டோவில் ஜெபித்தாலும் அவருக்குக் கேட்கும்.